கலைஞர் டிவி, அம்மா லேப்டாப், நடுவில் ஒரு டப்பா

பெரியப்பா சிவப்பு விளக்கைப் பார்த்ததும் லாரியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த கார்க்காரன் வந்து மோதினான். அவனுக்குப் பின்னால் வந்தவன் அவன்மேல் மோதினான். பெரியப்பா அசையவில்லை. “தாத்தா, இது கேமு. சிக்னலெல்லாம் சும்மா. போங்க” என்று அக்கா மகன் தலையில் அடித்துக்கொள்கிறான். “சிவப்புன்னா சிவப்புத்தாண்டா” என்கிறார் பெரியப்பா. பச்சை விழுந்தது, கிளம்பினார். அதுவும் நம்மூர்ப் பழக்கத்தில், ரோட்டின் இடது பக்கமாக. அந்த ஊரில் வலது பக்கம் போக வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? எதிரே வருகிற வண்டியெல்லாம் அவர்மேல் ஏறுகிறது. “இந்த ஊர்ல ஒரு பயலுக்கும் வண்டி ஓட்டத் தெரியல” என்று கடைசியில் அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

இந்தக் காட்சி லேப்டாப்பில் 11 நிமிடம் 40 வினாடி ஓடுகிறது. குறைந்தது இருபது தடவை பார்த்திருப்பேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மதினி தன் போனில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பூரில் இருக்கிற அண்ணனுக்கு அனுப்பினார். ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2, ஒரு மஞ்சள் ஒயர், விரல் நீளத்தில் ஒரு டப்பா. இவ்வளவுதான் சாமான். இருபது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் சொல்கிறேன்: நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான். இதில் நான் கேமராவைத் தொடவே இல்லை என்பதைத்தான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

‘கேப்சர்’ என்கிற வார்த்தை எங்கள் தொழிலில் பழசு. 2000களில் பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் மினி டி.வி. (Mini DV) கேசட் மூன்று ஓடும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்குமே, அது. வீட்டுக்கு வந்து கேமராவை ஃபயர்வயரில் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கேசட்டை முதலிலிருந்து ஓடவிட வேண்டும். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம், ஹார்ட் டிஸ்கில் 13 ஜிபி. அவசரப்படுத்த முடியாது. உலை கொதிக்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஃபிரேம் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. தாலி கட்டுகிற இடத்தில் விழுந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லி மாளாது. அப்புறம் மெமரி கார்டு வந்தது. இழுத்துப் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கேப்சர் என்கிற சடங்கே செத்துப்போனது என்று நினைத்திருந்தேன். பதினைந்து வருஷம் கழித்து ஒரு விளையாட்டுப் பெட்டி அதை எழுப்பிக்கொண்டு வந்தது.

அந்தப் பெட்டி வந்த கதை பெரிய கதை இல்லை. அருப்புக்கோட்டையில் மணிக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆடவிடுகிற கடை ஒன்று இருந்தது. எல்லாரிடமும் செல்போன் வந்ததும் கூட்டம் நின்று கடையை மூடினார்கள். பெட்டி ஒன்று, கன்ட்ரோலர் இரண்டு, 8 எம்பி மெமரி கார்டு இரண்டு, கட்டைப்பை நிறைய டிஸ்க். மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த டிஸ்குகளின் பூர்வீகத்தை நாம் விசாரிக்க வேண்டாம்.

டிவி? எங்கள் வீட்டில் இன்னும் கலைஞர் டிவிதான் இருக்கிறது. சேனலைச் சொல்லவில்லை, 2006 தேர்தலுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு கொடுத்தார்களே, அந்த 14 அங்குலப் பெட்டி. எத்தனையோ வீட்டில் அது கோழிக்கூண்டுக்கு மேலே போய்விட்டது. எங்கள் வீட்டில் அதன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகளுக்காகவே காப்பாற்றி வைத்திருக்கிறேன். லேப்டாப்? 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்காவின் மூத்தவள் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. அவள் படித்து வேலைக்கே போய்விட்டாள். லேப்டாப் ரேமை 8 ஜிபி ஆக்கிக்கொண்டு, எஸ்.எஸ்.டி. மாட்டிக்கொண்டு இன்னும் உழைக்கிறது. ஆக, கலைஞர் ஆட்சி கொடுத்த டிவிக்கும் ‘அம்மா’ ஆட்சி கொடுத்த லேப்டாப்புக்கும் நடுவில் நான் காசு போட்டு வாங்கியது அந்தக் குட்டி டப்பா ஒன்றுதான். ஒரு பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, மறுபக்கம் யுஎஸ்பி. தமிழ்நாட்டில் இந்த இரண்டு கட்சிகளையும் ஒரே ஒயரில் கோத்தவன் நான்தான் என்று அக்கா வீட்டு அத்தானிடம் பீற்றிக்கொள்வதுண்டு.

முதல் நாள் சொதப்பினேன். பிளேஸ்டேஷனின் மஞ்சள் ஒயரை ஒரு ‘ஒய்’ பின் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒன்றை டிவிக்கும் மற்றதை டப்பாவுக்கும் கொடுத்தேன். இரண்டு பக்கமும் படம் அந்தி சாய்ந்த மாதிரி மங்கிவிட்டது. ஒரு குடம் தண்ணீரை இரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டால் அரைக் குடம்தானே வரும். அப்புறம்தான் பரணில் கிடந்த ஏ.வி. ஸ்பிலிட்டர் ஞாபகம் வந்தது. மண்டபத்தில் பந்தி நடக்கிற இடத்திலும் வாசலிலும் டிவி வைத்து மேடையைக் காட்டுவோமே, அதற்கு வாங்கியது. அது சிக்னலைச் சும்மா பிரிக்காது, பெருக்கிக் கொடுக்கும். மாட்டினேன். டிவியில் படம் பளிச். லேப்டாப்பில் படம் பளிச்.

டிவியைப் பார்த்துத்தான் ஆட வேண்டும், இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் திரையில் தெரிவது கொஞ்சம் பிந்தி வரும். அரை நொடிகூட இருக்காது. ஆனால் மல்யுத்த கேமில் அந்த இடைவெளிக்குள் அண்டர்டேக்கர் உங்களைத் தூக்கிப் போட்டிருப்பான். பழைய குழாய் டிவியில் அந்தத் தாமதமே கிடையாது. பட்டனைத் தொட்டால் அடி விழும்.

பதிவு பண்ணும் மென்பொருள் ஓபிஎஸ் ஸ்டூடியோ. இதை என்ன வார்த்தை சொல்லிப் புகழ்வது என்று தெரியவில்லை. கேம் ஆடுகிற ஒருத்தர் 2012இல் தனக்காக எழுத ஆரம்பித்து, உலகம் முழுக்க ஆட்கள் கை போட்டு வளர்த்தது. இன்றைக்கும் இலவசம். நான் அந்தக் காலத்தில் மிக்ஸிங் சாஃப்ட்வேருக்கும் அதற்கென்று தனிக் கார்டுக்கும் கொட்டிய காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதில் ஒரு மந்திரம் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்த்திக் காட்டுகிறேன். பிளேஸ்டேஷன் 2 படத்தை முழுசாக அனுப்பாது. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள், மறுபடி ஒற்றைப்படை. நம்மூர் ‘பால்’ (PAL) முறையில் நொடிக்கு 50 பாதிப்படங்கள். குழாய் டிவிக்கு இது பிறவிப் பழக்கம், கண்ணுக்கே தெரியாமல் கோத்துவிடும். கம்ப்யூட்டர் இரண்டு பாதிகளையும் ஒரே தாளில் ஒட்டிவிடும். நிற்கிற ஆள் சரியாகத் தெரிவான். ஓடுகிற ஆளின் கையும் காலும் சீப்புப் பல் மாதிரி கிழிந்து நிற்கும். கல்யாண வீடியோவில் மாலையை வேகமாக மாற்றும்போது இதே சீப்புப் பல்லைப் பார்த்து நான் பல வருஷம் பல்லைக் கடித்திருக்கிறேன். ஓபிஎஸ்ஸில் அந்தக் கேப்சர் டப்பாவின் பெயர்மேல் ரைட் கிளிக் பண்ணி, டீஇன்டர்லேசிங் போய், ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்று ஒன்று இருக்கும், அதை அமுக்குங்கள். செட்டிங்ஸில் நொடிக்கு 50 ஃபிரேம் என்று வையுங்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு பாதிப்படமும் ஒரு முழுப்படமாக விரிந்து, அசைவெல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. அதை முதல்முறை பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மிகைப்படுத்தவில்லை. விடிய மூன்று மணிக்கு எழுந்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.

பதிவான சைஸ் 720க்கு 576. அதை அப்படியே யூடியூபில் ஏற்றினால் பாதி அழகு போய்விடும், ஏனென்றால் 720பிக்குக் கீழே அது நொடிக்கு 50, 60 ஃபிரேம் தராது. 1440க்கு 1080 என்று பெருக்கி ஏற்றுங்கள். அகலத்திரைக்கு இழுக்காதீர்கள். இழுத்தால் ஆட்களெல்லாம் பொங்கல் பானை மாதிரி ஆகிவிடுவார்கள். ஒரு மணி நேரம் சுமார் 2.7 ஜிபிதான் பிடிக்கிறது. 13 ஜிபி காலத்து ஆளுக்கு இது இனாம் மாதிரி.

இப்போது என் வாழ்நாள் வருத்தத்தைச் சொல்கிறேன்.

எங்கம்மாவுக்கு மல்யுத்தம் உயிர். சீரியலுக்கு நடுவில் சேனலை மாற்றி அண்டர்டேக்கர் வருகிறானா என்று பார்க்கிற ஆள். ஐப்பசியில் ஒரு நாள், நல்ல மழை. கரிசல் காட்டில் மழை பெய்தால் எல்லாருக்கும் ஒரு குஷி வருமே, அந்த மனநிலையில் அம்மா கன்ட்ரோலரைக் கையில் வாங்கினார். 2003இல் வந்த ‘ஹியர் கம்ஸ் தி பெயின்’ கேம். அம்மா அண்டர்டேக்கர், அக்கா மகன் பிராக் லெஸ்னர். அம்மா எல்லாப் பட்டனையும் ஒரே சமயத்தில், அம்மியில் அரைக்கிற வேகத்தில் அமுக்கி, அவனை மூன்று எண்ணும் வரை அமுக்கிப் பிடித்து ஜெயித்தார். கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. இரண்டு மணி நேரப் பதிவு. ஒரு இடி இடித்தது. கரண்ட் போனது. லேப்டாப்பின் பழைய பேட்டரியும் கூடவே போனது. காலையில் திறந்தால் ஃபைல் இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது.

தப்பு என்னுடையது. எம்பி4 என்று வைத்திருந்தேன். இதை எங்கள் பாஷையில் சொல்கிறேன். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்களில் இரண்டு ரகம். ஒருத்தர் பணத்தை வாங்கி வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, “எல்லாம் மனசுல இருக்கு, கடைசில எழுதிக்கலாம்” என்பார். இன்னொருத்தர் கவர் கைக்கு வந்ததும் பெயர், ஊர், தொகை மூன்றையும் எழுதிவிட்டுத்தான் அடுத்த ஆளைப் பார்ப்பார். எம்பி4 முதல் ரகம். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்கிற கணக்கை முடிக்கும்போதுதான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் பை நிறையப் பணம் இருக்கும், யார் கொடுத்தது என்று ஒன்றும் தெரியாது. எம்கேவி இரண்டாவது ரகம். போன நொடி வரைக்கும் பத்திரம். ஓபிஎஸ்ஸில் எம்கேவி என்று வைத்துக்கொண்டு, முடிந்த பிறகு ‘ரீமக்ஸ்’ கொடுத்தால் அதுவே எம்பி4 ஆக்கித் தந்துவிடும். ஒரே ஒரு செட்டிங். நான் மாற்றவில்லை. அம்மா அதற்குப் பிறகு கன்ட்ரோலரைத் தொடவே இல்லை. “ஒரு தடவ ஜெயிச்சாச்சுல்ல, போதும்” என்கிறார்.

படம் சரியானது. சத்தம்தான் எனக்கே எதிர்பாராத புதையல்.

சட்டைக் காலரில் குத்துகிற மைக் ஒன்று தொழிலுக்கு வைத்திருந்தேன். அதைக் கட்டில் காலில் கட்டி லேப்டாப்பில் செருகினேன். ஓபிஎஸ்ஸில் கேம் சத்தத்தை ஒரு டிராக்கிலும் மைக்கை இன்னொரு டிராக்கிலும் தனித்தனியாகப் போடலாம். சித்திரை வெயிலில் ஃபேன் முழு வேகத்தில் ஓடும், அந்த இரைச்சலை வடிகட்ட ‘நாய்ஸ் சப்ரெஷன்’ என்று உள்ளேயே ஒரு வடிகட்டி இருக்கிறது. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. படமும் கேம் சத்தமும் டப்பா வழியாகக் கொஞ்சம் பிந்தி வருகின்றன, மைக் முந்திக்கொள்ளும். கன்ட்ரோலரை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மெனுவில் பட்டனை ‘டக்’கென்று அழுத்துங்கள். மைக் டிராக்கில் ‘டக்’, கேம் டிராக்கில் ‘டிங்’. நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, அந்த மில்லி செகண்டை ‘சிங்க் ஆஃப்செட்’டில் போடுங்கள். எனக்கு 150 வந்தது. அப்புறம் பேச்சும் அடியும் ஜோடியாக விழும்.

முகத்தைக் காட்டவும் ஒரு மூலையில் கேமரா வைக்கச் சொன்னான் அக்கா மகன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரையில் நான் அடித்துச் சொல்கிற விஷயம் இது ஒன்றுதான், தொழில்காரனாகச் சொல்கிறேன். கேமராவைப் பார்த்தால் நம் சனம் விறைத்துப் போய்விடும். நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிற பெரியம்மா என் லைட் வந்ததும் சேலையை இழுத்து மூடிக்கொண்டு பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆகிவிடுவார். இருபது வருஷம் அந்த விறைப்போடு மல்லுக்கட்டித் தோற்றவன் நான். இந்த முறையில் படம் ஒயரிலிருந்து வருகிறது. அறைக்குள் கேமராவே இல்லை. கட்டில் காலில் கட்டிய மைக்கை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் வாயிலிருந்து வருவதெல்லாம் அசல்.

பெரியப்பாவுக்குத் திரும்ப வருகிறேன்.

அவர் எங்கள் பெரியம்மா வீட்டுக்காரர். முப்பது வருஷம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் ஓட்டினார். பந்தல்குடியை உங்களுக்குத் தெரியாவிட்டால், மதுரை-தூத்துக்குடி நாலு வழிச் சாலையில் அருப்புக்கோட்டை தாண்டி எட்டயபுரத்துக்குப் போகிற வழி. சீமைக்கருவேலம், கரிசல், அதற்கு அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல். சிமெண்டுக்குப் போகிற கல். எங்கள் ஊர் ஆண்களில் ஏதாவது ஒரு வகையில் அந்தக் கல்லைத் தொடாதவர்கள் குறைவு. பெரியப்பா அதிகம் பேச மாட்டார். வருவார், காபி குடிப்பார், பேப்பர் பார்ப்பார், போவார்.

2004இல் வந்த ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ என்றால் ஊருக்குத் தெரிந்தது துப்பாக்கியும் கார் திருட்டும்தான். அதற்குள் லாரியில் லோடு அடிக்கிற வேலை தனியாக எட்டு இருக்கிறது. இந்தப் பெரிய மனுஷனுக்குச் சண்டை போடத் தெரியாதே என்று அக்கா மகன்தான் லாரியைக் கொடுத்தான். முதலில் சொன்ன சிக்னல் காட்சி அந்த ராத்திரியில் நடந்தது. எட்டு லோடும் முடிக்க அவருக்குப் பதினொரு ராத்திரி ஆனது. அவர் அவசரமே படவில்லை. இரவில் எதிரே வண்டி வந்தால் ‘டிம்’ பண்ண எந்தப் பட்டன் என்று கேட்டார்.

அப்புறம் அந்தப் பயல் பாலைவனப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு குவாரி. சத்தியமாக, கேமுக்குள் ஒரு குவாரி! ‘ஹண்டர் குவாரி’ என்று பெயர். வட்ட வட்டமாக இறங்குகிற பாதை, அடியில் புழுதி, நிற்கிற வண்டி ஒரு மஞ்சள் டம்பர். பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மைக்கில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்புறம், “இது நம்ம பிட்டு மாதிரில்ல இருக்கு” என்றார். பிட்டு என்றால் அவர் வேலை பார்த்த சுரங்கப் பள்ளம்.

டம்பரில் ஏறினார். ரிவர்ஸ் எடுக்கும்போது, கட்டிலில் உட்கார்ந்தபடியே உடம்பை முழுசாகத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் இருந்தது எங்கள் வீட்டு அரிசி மூட்டை. இது படத்தில் இல்லை, ஆனால் மைக்கில் கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் இருக்கிறது, அதைக் கேட்டாலே எனக்கு அந்தத் திரும்பல் தெரிகிறது. இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்ததும், “பைய... பைய... கியர்ல விடுறா, பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்கக் கூடாது” என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார். அங்கிருந்து பேச்சு பிடித்துக்கொண்டது. வெடி வைப்பதற்கு முன்னால் ஊதுகிற சங்கு. மழைக்காலத்தில் அடியில் தண்ணீர் கட்டிக்கொண்டு வண்டி இறங்காமல் கிடந்தது. புழுதி ஏறிய சோற்றைச் சாப்பிட்டது. ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க வரமிளகாயைக் கடித்துக்கொண்டது. முப்பது வருஷம் அவர் வீட்டில் சொல்லாததெல்லாம் அந்த ஒரு மணி நேரப் பதிவில் வந்து விழுந்திருக்கிறது. கேம் டிராக்கை அணைத்துவிட்டு மைக் டிராக்கை மட்டும் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். “எங்கிட்ட இதெல்லாம் சொன்னதே இல்லயே” என்றார் பெரியம்மா. மைக்கை நீட்டிப் பேட்டி எடுத்திருந்தால், “என்னத்தப்பா சொல்ல, வேல பார்த்தேன், வந்தேன்” என்று முடித்திருப்பார்.

குவாரியில் மொத்தம் ஏழு வேலை. ஆறு முடித்துவிட்டார்.

புது மெஷின் வைத்திருப்பவர்களுக்கு என் பாடெல்லாம் கிடையாது. எச்டிஎம்ஐ டப்பா ஒன்று போதும். பிளேஸ்டேஷன் 4, 5இல் செட்டிங்ஸுக்குள் எச்டிசிபி என்று ஒரு பூட்டு இருக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் லேப்டாப்பில் கறுப்புத்தான் தெரியும், டப்பா கெட்டுப்போச்சு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மெஷினிலேயே ரெக்கார்ட் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்சில் 30 நொடி. எங்கள் பெரியப்பா சிக்னலில் நிற்கவே அது பத்தாது.

ஸ்விட்ச் என்றதும் ஒன்று. அக்காவின் மூத்தவள் பொங்கலுக்கு வரும்போது ஒன்று கொண்டுவந்தாள். அதில் ‘வெண்பா’ என்று ஒரு கேம். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், சமையல். டொரான்டோவில் தமிழ்ப் பையன் ஒருவர் முன்னின்று செய்தது, 2023 ஜூலையில் வந்தது, மறுவருஷம் பாஃப்டா விருதும் வாங்கியது. கறை படிந்த, எழுத்து அழிந்த சமையல் நோட்டைப் பார்த்து இட்லி அவிக்க வேண்டும். இவள் தட்டை மாற்றி மாற்றி அடுக்கித் தோற்கிறாள். அடுப்படியிலிருந்து அம்மா, “தட்ட மாத்தி வையிடி, ஆவி எப்பிடி மேல போகும்?” அந்தப் பதிவில் விடை சொன்னவர் திரையைப் பார்க்கவே இல்லை. கன்ட்ரோலர் தொட மாட்டேன் என்ற அம்மாவை எம்கேவியில் பிடித்துவிட்டேன்.

விளையாட்டைப் பதிவு பண்ணி என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று அத்தான் கேட்டார். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயசுப் பையன் ஒருவன் 1989இல் வந்த நின்டெண்டோ டெட்ரிஸை, 157ஆவது லெவலில், மெஷினே திணறி நிற்கிற வரைக்கும் ஆடினான். அதுவரை மனுஷன் யாரும் போகாத இடம். பதிவு ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்த வயசுப் பையன் சொன்னதை உலகம் நம்பியது. நாங்கள் 90களில் கான்ட்ராவில் மேலே மேலே கீழே கீழே போட்டு 30 உயிர் வாங்கி ஆடியதற்கும், என் தம்பி அந்த 30ஐத் தொடாமலே முடித்ததாக இன்றைக்கும் சாதிப்பதற்கும் என்ன அத்தாட்சி இருக்கிறது? அந்தப் பழைய டிவி கேம் பெட்டியையும் டப்பாவில் மாட்டிப் பார்த்தேன். அது ஒற்றை, இரட்டை என்று வரிகளை மாற்றி அனுப்பாது, ஒரே வரிகளைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பும். டப்பா குழம்பி நீலத்திரை காட்டியது. ஏ.வி.யை எச்டிஎம்ஐ ஆக்குகிற சின்னப் பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, ஸ்விட்சைப் பிடித்த எச்டிஎம்ஐ டப்பாவில் மாட்டியதும் வழிக்கு வந்தது. தம்பி தீபாவளிக்கு வருகிறான். மைக் தயாராக இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பிளேஸ்டேஷன் 2 இருக்கும். கூடவே மஞ்சள் ஒயரும், யாரோ ஒரு வீடியோக்காரன் மண்டபத்தில் மறந்துவிட்டுப் போன ஸ்பிலிட்டரும் கிடக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதையெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். போடத்தான் போகிறீர்கள் என்றால் பந்தல்குடிக்கு அனுப்பிவையுங்கள், பஸ் சத்தம் நான் கொடுக்கிறேன்.